குளிர் ஊர்ல முயலுக்கு என்ன சூடுன்னு கேக்காதீங்க: வெயில் நாள்ல கொட்டில குளிரா வச்சிக்க முழு வழிகாட்டி

நான் பொறந்து வளந்தது இலங்கை மலையகத்துல தலவாக்கலை பக்கம், கல்யாணம் முடிச்சு வந்தது பதுளை பக்கம். எங்க அப்பா முயல் கூடு கட்டுனா குளிருக்குத்தான் கட்டுவாரு, நாலு பக்கமும் பலகை, மேல தகரம், காத்து வர்ற ஓட்டை ஒண்ணு விடாம சாக்கை வச்சு அடைச்சிருவாரு, முயலும் நல்லாத்தான் இருந்துச்சு. அதே கூட்டைத்தான் நான் இங்க வந்தும் கட்டினேன். மார்ச் மாசம் ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து பாத்தா வெள்ளைப் பொட்டை ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு, வாயத் தொறந்து மூச்சு வாங்குது, காது ரெண்டும் தொட்டா சுடுது. அந்திக்குள்ள போயிருச்சு. இதுல என்ன கொடுமைன்னா வெளிய நின்னா நல்ல காத்து, சால்வைய இழுத்துப் போத்தலாம் போல இருந்துச்சு, கூட்டுக்குள்ள கைய விட்டாதான் அடுப்படி மாதிரி கொதிக்குது.

அதுக்குப் பொறகு விளங்குனதுதான் இது: நம்ம பக்கம் முயலை சாகடிக்கிறது குளிருக்குப் பயந்து நாமளே கட்டுற கூடு. அதனால ஏசி, ஐஸுன்னு ஓடுறதுக்கு முந்தி கூட்டை சரி பண்ணணும், மத்ததெல்லாம் அதுக்குப் பொறகுதான்.

முயலுக்கு நம்மள மாதிரி வேர்க்காது. மூச்சு வழியாவும் காது வழியாவும்தான் சூட்டை வெளிய விடும், அந்த நீளக் காதுல மெல்லிசா ரத்தக்குழாய் ஓடுது பாருங்க, அது விரிஞ்சு கொடுத்து காத்துல ஆறும். சுத்தியிருக்கிற காத்தே சூடா இருந்தா காது என்ன செய்யும்? 15 லேருந்து 20 டிகிரி வரைக்கும் முயலுக்கு சொகம், 25 தாண்டினா கஷ்டப்பட ஆரம்பிக்கும், 30 க்கு மேல போனா உயிருக்கே ஆபத்து. குண்டு முயல், கெழட்டு முயல், சினையா இருக்கிறது, அங்கோரா மாதிரி முடி அடர்த்தியானது, இதுகளுக்கு 30 வரைக்கும்கூட போக வேணாம்.

இன்னொண்ணு, மலையகம்னு ஒரே பேரைச் சொன்னாலும் எல்லா ஊரும் ஒண்ணு இல்ல. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், பதுளை டவுன் 680 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறரை டிகிரி குறையும், அந்தக் கணக்குல ரெண்டு ஊருக்கும் நடுவுல ஏழெட்டு டிகிரி வித்தியாசம். காலமும் வேற. மேற்குப் பக்கம் ஹட்டன், தலவாக்கலையில பெப்ரவரி, மார்ச், ஏப்ரல்தான் வெயில், ஜூன் ஜூலைல மழை கொட்டும். அதே ஜூன் ஜூலைல ஊவா பக்கம், அதான் எங்க பதுளை, பசறை இருக்கிற கிழக்குப் பக்கம், மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்னுடும், வறண்ட காத்து மட்டும் இறங்கி வந்து புல்லெல்லாம் காய்ஞ்சி போயிரும். அதனால ஹட்டன்ல இருக்கிற மாமா சொன்னதை பசறையில இருக்கிற நீங்க அப்படியே செஞ்சா சரி வராது.

முதல் வேலை, அளந்து பாக்கிறது

கடையில சின்ன டிஜிட்டல் தெர்மோமீட்டர் கிடைக்கும், ஈரப்பதமும் சேத்துக் காட்டுறது வாங்குனா நல்லது. அதைக் கூரைக்கிட்ட தொங்க விடாம முயல் படுக்கிற உயரத்துல, அதுக்கு எட்டாத மாதிரி கம்பிக்கு வெளிய கட்டுங்க, உள்ள வச்சா ஒரே ராத்திரில கடிச்சு முடிச்சிரும். மூணு நாளைக்கு காலைல பத்து மணி, ஒரு மணி, மூணு மணி, அஞ்சு மணின்னு பாத்து ஒரு கொப்பியில எழுதுங்க, அதே நேரத்துல வெளிய நிழல்ல எவ்வளவுன்னும் எழுதுங்க. என் அனுபவத்துல வெளி நிழலை விட உள்ள ரெண்டு மூணு டிகிரிக்கு மேல கூடுதலா இருந்தா தப்பு கூட்டுலதான் இருக்கு. ஒரு மணிக்கு ஏறுதுன்னா கூரை, மூணரை நாலு மணிக்கு ஏறுதுன்னா மேற்குச் சுவர், நாள் முழுக்க ஒரே மாதிரி புழுக்கம்னா காத்தோட்டம் இல்ல. தெர்மோமீட்டர் வாங்க சல்லி இல்லைன்னா ஒரு மணிக்குப் போய் புறங்கைய கூரைத் தகரத்துக்கு அடியில, தொடாம நாலு விரல் கீழ பிடிங்க, சூடு இறங்குறது நல்லா தெரியும்.

வெயில் எந்தப் பக்கம் வருதுன்னு தெரிஞ்சிக்கணும். வருசப் பிறப்புக்கு ஒரு வாரம் முந்தி, ஏப்ரல் 7, 8 வாக்குல சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல நிக்கும், திரும்ப செப்டம்பர் முதல் வாரத்துலயும் அதே மாதிரி. அந்த நாள்கள்ல உச்சி வெயில் முழுக்க கூரைலதான் விழும், சுவருக்கு நிழல் கட்டி ஒரு பிரயோசனமும் இல்ல. பெப்ரவரில சூரியன் தெற்கால சாஞ்சிருக்கும், ஜூன் ஜூலைல வடக்கால. ஊவா பக்கத்து ஆளுங்க தெற்குப் பக்கம் மட்டும் நிழல் போட்டுட்டு ஜூலைல வடக்குப் பக்கத்துலேருந்து வெயில் அடிக்குதேன்னு முழிக்கிறது இதனாலதான் (நானும்தான் முழிச்சேன்). புதுசா கட்டுறவங்க கூட்டோட நீளம் கிழக்கு மேற்கா இருக்கிற மாதிரி கட்டுங்க, குட்டைப் பக்கம்தான் காலை வெயிலும் அந்தி வெயிலும் வாங்கும். ஏற்கனவே கட்டுனவங்க ஒடைக்க வேணாம், மேற்குப் பக்கத்தை மட்டும் கவனிச்சா பாதி வேலை முடிஞ்சுது.

கூரை

இங்கதான் நேரத்தையும் காசையும் போடணும். தகரத்துக்கு மேல ரெண்டாவது ஒரு கூரை, அவ்வளவுதான் விஷயம். நாலு மூலையிலயும் நடுவுலயும் மரக்கட்டை வச்சு தகரத்துலேருந்து ஒரு ஆறு இன்ச் ஒசத்தி, மேல மூங்கில் கழி இல்லைன்னா கருப்பந்தைல (யூகலிப்டஸ்) மரத்து கம்பு பரப்பி, மானாப்புல்லை அறுத்துக் காய வச்சு கட்டு கட்டா கட்டுங்க. மானா எங்க மலைப்பக்கம் சும்மாவே கெடக்குது, மழைக்கு ரெண்டு மூணு வருசம் தாங்கும். அந்த ஆறு இன்ச் இடைவெளியை தயவு செஞ்சு அடைக்காதீங்க, அது வழியா காத்து ஓடுறதுனாலதான் மேல் கூரை வாங்குற சூடு கீழ தகரத்துக்கு வராம போகுது. புல்லை நேரா தகரத்து மேல போட்டாலும் கொஞ்சம் குறையும், ஆனா மழை பட்டா ஈரம் நின்னு தகரம் துருப்பிடிச்சிரும், எலியும் குடியேறும்.

புல்லு கிடைக்காட்டி பச்சை ஷேட் நெட் போதும், அதையும் தகரத்துலேருந்து ஒசத்தித்தான் கட்டணும். கருப்பு படங்கு போட வேணாம், அது சூட்டை குடிச்சு கீழ இறக்கும்.

வெள்ளை அடிக்கிறதும் நல்லா வேலை செய்யும். சுண்ணாம்பு மலிவுதான், ஆனா தகரத்துல ஒட்டாது, நாலு மழைல கழுவிட்டுப் போயிரும், தகரத்து மேல இருக்கிற நாக (ஸிங்க்) பூச்சை அரிக்கவும் செய்யும், அதனால தகரத்துக்கு கூரைக்குன்னே விக்கிற வெள்ளை பெயின்ட் வாங்குங்க. அஸ்பெஸ்டோஸ் சீட்டுன்னா சுண்ணாம்பு நிக்கும், ஆனா ஒரு எச்சரிக்கை: அந்த சீட்டை காஞ்சிருக்கும்போது பிரஷ் போட்டுத் தேய்க்கிறது, துளை போடுறது, ஒடைக்கிறது எதுவும் வேணாம், அந்தத் தூசி நம்ம நுரையீரலுக்குக் கேடு, நல்லா நனைச்சுட்டு மெதுவா பாசியத் தொடைச்சு எடுங்க.

கூரைக்கு உள்பக்கம் ரெஜிபோம் ஒட்டுறாங்க, பிரிட்ஜ் வாங்குன பெட்டில வர்றது. நல்லாதான் இருக்கும், ஆனா முயலுக்கு எட்டுனா கடிச்சு முழுங்கும், வயித்துல அடைச்சிக்கும், அதனால அதுக்குக் கீழ கம்பி வலையோ பலகையோ கட்டாயம் வேணும்.

நீண்ட கால யோசனைன்னா சௌசௌ கொடி. எங்க மாமி கூட்டுக்கு மேற்கால ஒரு பந்தல் போட்டு ஐப்பசி மழைல ரெண்டு காய் புதைச்சு விட்டாங்க, மாசிக்கெல்லாம் கூரை முழுக்க மூடிருச்சு, கறிக்கும் ஆச்சு, அந்தி வெயிலும் நின்னுச்சு. இப்ப அந்தக் காயைப் பத்தித்தான் பேச்சு, முயலுக்காகப் போட்ட பந்தல்னு யாருக்கும் ஞாபகமே இல்ல. பேஷன் புரூட்டும் ஏத்தலாம், ஆனா அந்த எலையை முயலுக்குப் போடாதீங்க.

காத்து

சூடான காத்து மேல ஏறும், அது வெளிய போக மேல ஒரு வழியும், குளிர் காத்து உள்ள வர கீழ ஒரு வழியும் வேணும், ரெண்டுல ஒண்ணு இல்லாட்டி மத்தது வீண். சுவரும் கூரையும் சேர்ற இடத்துல ஆறிலேருந்து ஒன்பது இன்ச் வரைக்கும் பலகையை எடுத்துட்டு கம்பி வலை அடிங்க, கீழயும் எதிர்ப் பக்கமா அதே மாதிரி. வலை அரை இன்ச் கண்ணுள்ள வெல்ட் மெஷ் ஆகட்டும், கோழி வலை வேணாம், எலி உள்ள வரும், கீரியும் மரநாயும் கிழிச்சிரும், பாம்பும் நுழையும். தேயிலை மலைக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு சிறுத்தை பயமும் உண்டு, நாயையே தூக்கிட்டுப் போறது, அதனால வெயில்னு சொல்லி ராத்திரி கூட்டை வெளிய தொறந்து போட்டுறாதீங்க. கூடு தரையிலேருந்து மூணு அடி ஒசரத்துல இருந்தா அடியிலயும் காத்து ஓடும், கூட்டவும் லேசு.

இப்ப நம்ம பக்கம் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கு, மரக்கறித் தோட்டத்து பொலித்தீன் கூடாரம் கிழிஞ்சா அந்தத் துண்டைக் கொண்டு வந்து முயல் கூட்டுக்கு சுவரா கட்டுறது. மழைக்கு நல்லதுன்னு சொல்றாங்க. தக்காளியும் குடைமிளகாயும் வளர உள்ள சூடு பிடிச்சு வைக்கத்தான் அந்தப் பொலித்தீனே, அதுக்குள்ள முயலைப் போட்டா வேகத்தானே செய்யும். மழைக்குன்னா சுருட்டி ஏத்துற மாதிரி சாக்குத் திரை கட்டுங்க, சாரல் வந்தா இறக்குங்க, விட்டதும் ஏத்துங்க.

பேன் வைக்கலாமான்னு கேப்பாங்க. வேர்க்காத பிராணிக்கு சும்மா பேன் காத்து நமக்குத் தர்ற அளவு சொகம் தராது, ஆனா சூட்டுக் காத்தை வெளிய தள்ள ஒதவும். அதனால முயல் மேல நேரா அடிக்காம மேல் வழியைப் பாத்து வெளிய ஊதுற மாதிரி வைங்க. வயரை பீவீசி குழாய்க்குள்ள விடுங்க, முயலுக்கு வயர் கண்டா விடாது, கரண்ட் அடிச்சா அதோட சரி.

புழுக்கையும் மூத்திரமும் கீழ சேந்தா வெயில்ல ஒரு நெடி வரும், கண்ணு எரியும், அது அமோனியா. அதுவே மூச்சைக் கெடுக்கும், சூடு தாங்குற சக்தியும் போகும். வெயில் நாள்ல தினம் அள்ளுங்க. ஈரமான வைக்கோல், மிஞ்சுன புல்லு கூட்டுக்குள்ள கெடந்தா ஈ மொய்க்கும், பின்பக்கம் அழுக்கா இருக்கிற முயல்ல முட்டை போட்டு ஒரே நாள்ல புழு வச்சிரும், அதனால காலைல ஒருக்கா அந்திக்கு ஒருக்கா தூக்கிப் பின்பக்கம் பாத்துக்கிறது நல்லது.

தண்ணி

ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 50 லேருந்து 150 மில்லி வரைக்கும் குடிக்கும், வெயில்ல அதுக்கும் மேல போகும். ரெண்டு கிலோ முயல் ஒண்ணுக்கு அரை லீட்டர் எப்பவும் இருக்கணும்னு வச்சிக்கோங்க. முனையில குண்டு வச்ச போத்தல் போட்டாலும் பக்கத்துல ஒரு கனமான மண்சட்டியும் வைங்க, போத்தல் முனை அடைச்சிக்கிட்டா நமக்குத் தெரியறதுக்குள்ள நாள் முழுக்க தாகத்துல கெடக்கும், சட்டில தண்ணி கசிஞ்சு காஞ்சு குளிர்ந்தும் இருக்கும். போத்தலுக்கு ஈரச் சாக்கு உறை போடுங்க. கருப்பு ஹோஸ் பைப்ல தண்ணி பிடிக்கிறவங்க முதல்ல வர்ற சுடுதண்ணியை செடிக்கு விட்டுட்டு பொறகு பிடிங்க. பீலித் தண்ணி, அதான் மலை ஊத்துலேருந்து வர்ற தண்ணி, இருக்கிறவங்களுக்கு இந்தக் கவலை இல்ல, அது மத்தியானமும் ஜில்லுன்னுதான் இருக்கும்.

மத்தியான நேரத்துக்கு

கூட்டை சரி பண்ணியும் 27, 28 தாண்டுதுன்னா அப்பத்தான் இதெல்லாம். ஒண்ணரை லீட்டர் சோடாப் போத்தல்ல முக்கால்வாசி தண்ணி ஊத்தி ராத்திரியே பிரீசர்ல போடுங்க, முழுசா ஊத்துனா வெடிக்கும். காலைல பத்து மணிக்கு பழைய துவாயில சுத்தி கூட்டுல ஒரு மூலையில படுக்க வைங்க, வேணும்னா முயல் வந்து சாஞ்சிக்கும், வேணாட்டி தள்ளிப் போகும், அதுக்குத் தள்ளிப் போக இடம் இருக்கணும். ரெண்டு போத்தல் மாத்தி மாத்தி வச்சா அந்திவரைக்கும் போதும். பிரிட்ஜ் இல்லாத வீடுன்னா ஒடஞ்ச டைல் துண்டு, இல்லைன்னா தட்டையான கல்லு, பீலித் தண்ணில ஊறப் போட்டு எடுத்து வைங்க, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

வாய் அகலமான மண் பானையை படுக்க வச்சு வெளிப்பக்கம் மட்டும் நனைச்சு விட்டா அது உள்ளயே போய்ப் படுத்துக்கும். காத்து வர்ற பக்கம் உருளைக்கிழங்கு சாக்கு, சணல் சாக்குதான், நனைச்சுத் தொங்க விடலாம், பிளாஸ்டிக் உரப் பேக் தண்ணிய பிடிக்காது. ஆனா இந்த ஈர வேலையெல்லாம் காஞ்ச காத்து அடிக்கிற ஊருக்குத்தான். ஊவாவுல ஜூலைல அருமையா வேலை செய்யும். மூடுபனி இறங்குற ஊர்ல, இல்லைன்னா ஈரப்பதம் 80 க்கு மேல காட்டுற நாள்ல ஈரம் காயாது, சூடும் குறையாது, புழுக்கம்தான் கூடும், முயலுக்கு சளி பிடிக்கும், வயித்தால போற நோயும் வரும். முயல் மேலயோ படுக்கையிலயோ தண்ணி அடிக்கிறதை எந்த ஊர்லயும் செய்யாதீங்க.

சாப்பாடு சூட்டைக் கூட்டுற விஷயம்னு நெறைய பேருக்குத் தெரியாது. செரிக்கும்போது உடம்பு சூடாகும், அதனால பெல்லட் தீனியை வெள்ளன ஆறு மணிக்குள்ளயும் அந்தி ஆறுக்கு மேலயும் போடுங்க, மத்தியானம் காஞ்ச புல்லும் தண்ணியும் மட்டும் இருந்தா போதும். பச்சைப் புல்லை அறுத்து மூட்டையா கட்டி வச்சா நடுவுல கைய விட்டுப் பாருங்க, கொதிக்கும், அப்படி வெந்த புல்லைப் போட்டா வயிறு ஊதிரும், நிழல்ல பரப்பி வைங்க. மருந்து அடிச்ச மலையில அறுக்கக் கூடாதுன்னு சொல்லத் தேவையில்ல. குளிர்ச்சின்னு சொல்லி மரக்கறித் தோட்டத்துல கழிச்சுப் போடுறதையெல்லாம் அள்ளிட்டு வர்றாங்க, கரட் எலை நல்லது, கழுவிப் போடுங்க, கோவா (முட்டைக்கோஸ்) எலை கொஞ்சமா, லீக்ஸ் தழையும் உருளைக்கிழங்குச் செடியும் விஷம், அந்தப் பக்கமே போக வேணாம்.

முடி கொட்டுற நேரம் தினம் சீவி விடுங்க, உதிர்ந்த முடி உடம்புல நின்னா கம்பளி போத்துன மாதிரி. குட்டி போட்ட பொட்டை இருந்தா கூட்டுப் பெட்டியைப் பாருங்க, முதல் பத்து நாள் குட்டிக்கு கண்ணும் தொறக்காது, சூடுன்னா நகர்ந்து போகத் தெரியாது. குட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு சேராம தனித்தனியா பரவி, செவந்து கெடந்தா சூடு அதிகம், தாய் பிச்சுப் போட்ட முடில பாதியை எடுத்து ஒரு பேக்ல போட்டு வைங்க, ராத்திரி குளிருக்கு அதையே திரும்பப் போடணும். தகரப் பெட்டி வேணவே வேணாம். கடா முயலுக்கு (ஆண்) ஒரு வாரம் வெயில் அடிச்சா ஒண்ணரை ரெண்டு மாசத்துக்கு சினை பிடிக்காம போகலாம், அதுக்காக கடாவை வித்துறாதீங்க, கூல் ஆனதும் சரியாகும்.

சூடு ஏறிருச்சுன்னு எப்படித் தெரியும்

நீட்டிப் படுக்கிறது பயப்பட வேண்டிய விஷயம் இல்ல, அது அதோட சொகம். மூக்கு வேகமா ஆடுறது, மூக்கைச் சுத்தி ஈரம், காது செவந்து சுடுறது, கூப்பிட்டா எந்திரிக்காம இருக்கிறது, இதெல்லாம் எச்சரிக்கை. விலாவைப் பாத்து 15 செக்கனுக்கு மூச்சை எண்ணி நாலால பெருக்குங்க, சும்மா இருக்கும்போது நிமிசத்துக்கு 30 லேருந்து 60 தான் சரியான அளவு. தலையப் பின்னால சாச்சு வாயத் தொறந்து மூச்சு வாங்குனா, எச்சி வழிஞ்சா, தள்ளாடுனா இனி ஒரு நிமிசமும் யோசிக்கக் கூடாது.

உடனே நிழலுக்கு, முடிஞ்சா சிமெந்துத் தரைக்கு கொண்டு போங்க. சாதாரண குழாய்த் தண்ணில துணிய நனைச்சு காதை மெதுவா தொடைங்க, பாதத்தையும் நனைங்க, ஒரு அட்டைய வச்சு விசிறுங்க. ஐஸ் தண்ணி வேணாம், வாளிக்குள்ள முக்கிறதும் வேணாம், திடீர்னு குளிர்ந்தா ரத்தக்குழாய் சுருங்கி சூடு உள்ளயே நின்னுரும், அதிர்ச்சிலயே செத்தும் போகும். எங்க வெள்ளைப் பொட்டைக்கு நான் செஞ்சது அதைத்தான், பதறிப்போய் வாளில முக்கிட்டேன். வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழலுக்குப் போகும், சட்டியை முன்னால வைங்க, குடிக்க முடிஞ்சா குடிக்கும். முயலோட உடம்புச் சூடு 38.5 லேருந்து 40 வரைக்கும் இருக்கும், காது பழைய மாதிரி ஆனதும் நனைக்கிறதை நிறுத்திட்டு மிருக வைத்தியர்கிட்ட கொண்டு போங்க, அட்டைப் பெட்டில நிறைய ஓட்டை போட்டு, பக்கத்துல துணி சுத்துன குளிர் போத்தல் வச்சு. கண்டிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு பேராதனை பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலை இருக்கு, மத்தவங்க உங்க பிரதேசத்து அரசாங்க மிருக வைத்தியரோட நம்பரை முன்கூட்டியே போன்ல போட்டு வைங்க. தேறிட்டாலும் அன்னைக்கு அந்திவரைக்கும் தின்னுதா, புழுக்கை போடுதான்னு பாக்கணும், ரெண்டும் இல்லைன்னா குடல் நின்னுருச்சுன்னு அர்த்தம், அதுக்கும் டொக்டர்தான்.

அந்தி ஆனதும் எல்லாத்தையும் திருப்பணும், இதைத்தான் மறக்கிறாங்க. மாசி மாசம் நுவரெலியா பக்கம் பகல்ல வெயில் சுடும், விடியக்காலைல புல்லுல வெள்ளையா பனி உறைஞ்சு கெடக்கும். ஆறு மணிக்கு சாக்குத் திரைய இறக்குங்க, மேல் வழியை மட்டும் தொறந்தே விடுங்க, நனைஞ்ச வைக்கோலை மாத்துங்க, கதவுக் கொண்டியைப் போட்டு இழுத்துப் பாருங்க. உருகுன போத்தல்களை எடுத்துத் தொடைச்சு திரும்ப பிரீசர்ல போட்டுட்டுப் படுங்க, நாளைக்கு பத்து மணிக்கு வேணும்.